நாம் செய்த வண்டி போகும் ஊர்



இந்த இதழ் லடாக் சிறப்பிதழ். சென்ற மாதம் அறிவிப்பு வெளியானதுமே ராயபுரத்திலிருந்து ஒரு வாசகர் தொலைபேசியில் அழைத்தார். "காசிமேட்டு மீன் விலை, எண்ணூர் சாம்பல், கொசஸ்தலை ஆறுன்னு எழுதிக்கிட்டு இருந்தீங்க. திடீர்னு இமயமலைக்கு ஏன் போறீங்க?" என்று உரிமையோடு கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். லடாக்கின் மலைச்சாலைகளில் வடசென்னை பல காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நாம்தான் அதைப் போய்ப் பார்க்கவில்லை.

1949-ல் கே.ஆர். சுந்தரம் ஐயரின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்திலிருந்து புல்லட் மோட்டார்சைக்கிளை வரவழைத்து விற்கத் தொடங்கியது. எல்லை ரோந்துக்குத் தாக்குப்பிடிக்கும் வண்டியைத் தேடிக்கொண்டிருந்த இந்திய அரசு, 1950களின் முற்பகுதியில் 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்து 800 வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அத்தனை வண்டிகளையும் கப்பலில் வரவழைத்துக்கொண்டே இருக்க முடியாது. 1955-ல் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலைக்கு இடம் பிடித்தது நம்முடைய திருவொற்றியூரில். ஆரம்பத்தில் பாகங்கள் பெட்டி பெட்டியாக வந்திறங்கின, நம் ஆட்கள் பூட்டினார்கள். 1960களின் தொடக்கத்துக்குள் எல்லாப் பாகங்களையும் இங்கேயே வார்த்து, கடைந்து, முலாம் பூசும் நிலை வந்துவிட்டது. 1970-ல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே முற்றிலும் நின்றுபோனது. 1977-ல் திருவொற்றியூரில் செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. பிறந்த ஊரில் கைவிடப்பட்ட ஒரு வண்டியை உயிரோடு காப்பாற்றியவர்கள் நம் தெருக்களில் சைக்கிளில் ஷிஃப்டுக்குப் போய்வந்த மனிதர்கள். இதை நான் எங்கே பேசினாலும் பெருமையோடுதான் சொல்வேன்.

புல்லட்டோடு இந்தக் கதை முடியவில்லை. கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். அதுவே மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி ஆகி, 1960களில் இதே திருவொற்றியூரில் டயர் செய்தது. இன்று எம்.ஆர்.எஃப். என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எண்ணூரில் 1940களின் இறுதியில் கார் பூட்டத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அந்த நிறுவனத்தின் ஸ்டாலியன் லாரிகள்தான் ராணுவத்துக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் சுமந்து மலையேறுகின்றன. லே நகரத்துக்கு வெளியே சாலையோரம் அரை மணி நேரம் நின்றால் போதும். கடந்துபோகும் புல்லட்டிலும், அதன் டயரிலும், எதிரே வரும் ராணுவ லாரியிலும் எண்ணூர் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிடலாம்.

இந்த இதழுக்காக ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் சிலரோடு பேசினேன். அவர்களில் ஒரு பெரியவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "வண்டி போச்சு தம்பி. நான் போவல. டிவில பனிக்கு நடுவுல பசங்க ஓட்டிக்கினு போறத காட்டுவான். அந்த வீல நான் பூட்டிருப்பேன்னு வூட்ல சொல்வேன், சிரிப்பாங்கோ." அவர் வருத்தத்தோடு சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்று மனசு கேட்கவில்லை. நம் பகுதியில் பயணம் என்றால் திருப்பதி, மேல்மருவத்தூர், சபரிமலை, வேளாங்கண்ணி. வேண்டுதல் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு நமக்கு நாமே அனுமதி கொடுத்துக்கொள்வதில்லை. லீவும் கிடைக்காது, கையில் காசும் நிற்காது, தங்கை கல்யாணம் முடியட்டும், வீட்டுக் கடன் அடையட்டும் என்று தள்ளிக்கொண்டே போகும். அந்தத் தலைமுறையின் நிலைமை அது. அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று மென்பொருள் நிறுவனத்திலும் துறைமுகத்திலும் வங்கியிலும் வேலை பார்க்கிறார்கள். அவர்களைத்தான் போய்வரச் சொல்கிறேன். முடிந்தால் அந்தப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறேன்.

போகிறவர்கள் தங்கள் வண்டிக்கு அங்கே என்ன ஆகிறது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். கர்துங் லா கணவாயில் வைத்த பழைய பெயர்ப்பலகை 18,380 அடி என்று சொல்லும். பிற்பாடு கருவி வைத்து அளந்ததில் 17,582 அடி என்று தெரிந்தது. எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் பாதியளவுதான். கார்புரேட்டர் வைத்த பழைய புல்லட்டில் காற்று குறைந்தாலும் பெட்ரோல் பழைய கணக்கிலேயே இறங்கும். கலவை கொழுத்துவிடும். சைலன்ஸரில் கரும்புகை வரும், பிளக்கில் கரி பிடிக்கும், இழுவை போய்விடும். தண்டையார்பேட்டை மெக்கானிக்கிடம் கேட்டால், "ஜெட்டைச் சின்னதா மாத்து, ஏர் ஃபில்டரச் சுத்தமா வெச்சிக்கோ" என்பார். அதுதான் சரியான வைத்தியம். 2020-ல் பிஎஸ்-6 விதி வந்தபின் புதிய வண்டிகளில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டதால் காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலை வண்டியே குறைத்துக்கொள்கிறது. என்றாலும் இழுவை குறையத்தான் செய்யும், ஏனென்றால் எரிவதற்கே அங்கே போதிய காற்று இல்லை. ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஸரைப் பிடித்து, சரியான இடத்தில் நிறுத்தி உதைத்துக் கிளப்பும் பழைய வார்ப்பிரும்பு இன்ஜினை அந்த உயரத்தில் ஏற்றிக் காட்டியவர்களை நான் வணங்குகிறேன். 2016-ல் அதே நிறுவனம் 'ஹிமாலயன்' என்றே பெயர் வைத்து மலைக்கென்று தனி வண்டி செய்தது. உற்பத்தியின் பெரும்பகுதி இப்போது ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் போய்விட்டது. ஆனாலும் புல்லட் டேங்கின்மேல் தங்கநிறக் கோட்டைத் தூரிகையால் கையாலேயே இழுக்கும் வழக்கத்தை நம் ஊர் உலகத்துக்குத் தெரியவைத்துவிட்டது.

வண்டியைவிட முக்கியம் உடம்பு. இதில் நான் கண்டிப்பாகவே பேசுவேன். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் சென்னையில் விமானம் ஏறி, டெல்லி வழியாக லேவில் இறங்குகிறவனின் உடம்புக்கு என்ன நடந்தது என்றே புரியாது. முதல் இரண்டு நாள் எங்கேயும் போகக்கூடாது. படுக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், மெதுவாக நடக்க வேண்டும். மதுவும் சிகரெட்டும் தொடக்கூடாது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் மேலே ஏறுவதை நிறுத்த வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமல் விடாமல் வந்தாலோ, நடை தள்ளாடினாலோ அது உயிருக்கு ஆபத்து. உடனே கீழே இறங்க வேண்டும், லேவில் இருக்கும் சோனம் நோர்பு நினைவு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அசெட்டசோலமைடு மாத்திரையை நண்பன் சொன்னான் என்று விழுங்காதீர்கள். இங்கேயே மருத்துவரிடம் கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணூர், மணலிக் காற்றைச் சுவாசித்து வளர்ந்த நுரையீரல் நம்முடையது. ஆஸ்துமா, இளைப்பு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பரிசோதனை செய்யாமல் கிளம்பவே கூடாது.

மணாலி வழியாகப் போகிறவர்களில் பலர் சர்ச்சுவில் கூடாரத்தில் தங்குகிறார்கள். அது 4,200 மீட்டருக்கும் மேலே. முதல் இரவே அங்கே தூங்கினால் விடிவதற்குள் பாதிப் பேருக்குத் தலை பிளக்கும். கீலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரவு தங்கிவிட்டு விடியற்காலை கிளம்புவது நல்லது. ஸ்ரீநகர், கார்கில் வழியாக ஏறினால் உயரம் படிப்படியாகக் கூடும். முதன்முறை போகிறவர்களுக்கு நான் அந்த வழியைத்தான் சொல்வேன். அந்த வழியில் திராஸில் கார்கில் போர் நினைவிடம் இருக்கிறது. திருச்சியின் மேஜர் சரவணன் 1999 மே 29 அன்று படாலிக் மலையில் வீரமரணம் அடைந்தார். அவர் உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. 2020 ஜூனில் கல்வானில் உயிர்விட்ட ஹவில்தார் பழனி ராமநாதபுரத்துக்காரர். சாலையோரக் காட்சியாகத் திராஸ் நினைவிடத்தைக் கடந்துபோய்விடாமல் இறங்கி நின்று, கல்லில் பொறித்த பெயர்களைப் படித்துவிட்டுப் போங்கள்.

இளைஞர்களிடம் ஒரு விஷயத்தை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். லடாக் என்றதும் உங்கள் கண்ணில் வருவது கணவாய்ப் பலகை முன்னால் நின்று எடுக்கும் படம். எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் கர்துங் லாவிலேயே இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம் என்று ராணுவம் எச்சரிக்கிறது. அந்த இருபது நிமிடத்துக்காக இரண்டாயிரத்துச் சொச்சம் மைல் போய்விட்டு, வழியில் இருக்கும் ஆயிரம் வருடத்துப் பொக்கிஷங்களைப் பார்க்காமல் திரும்புகிறவர்களை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

ஆல்ச்சியைப் பாருங்கள். லேவிலிருந்து மேற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர், சிந்து நதிக் கரையில் ஒரு சின்னக் கிராமம். லடாக்கின் மடாலயங்கள் பெரும்பாலும் மலை உச்சியில் கோட்டைபோல் நிற்கும். ஆல்ச்சி தாழ்ந்த நிலத்தில், வாதுமைப்பழ மரங்களுக்கு நடுவே மண்சுவரும் மரமுமாக அடக்கமாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று நம்பவே முடியாது. சும்ட்செக் என்ற மூன்றடுக்குக் கோயிலில் அவலோகிதேஸ்வரர், மைத்ரேயர், மஞ்சுஸ்ரீ என்று மூன்று மாடங்களில் மூன்று பிரம்மாண்டமான மண்சிலைகள். கீழே நிற்கிறவர் கண்ணுக்குக் காலும் இடுப்பும் தெரியும், முகம் மேல்தளத்துக்குள் போய்விடும். அவர்கள் கட்டியிருக்கும் வேட்டிகளில்தான் அந்த ஓவியர்கள் தங்கள் வித்தை எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார்கள். அவலோகிதேஸ்வரரின் வேட்டி முழுக்கக் கோயில்கள், மாளிகைகள், குதிரை மேல் போகிறவர்கள். மைத்ரேயரின் வேட்டியில் புத்தரின் வாழ்க்கை. மஞ்சுஸ்ரீயின் வேட்டியில் எண்பத்துநான்கு சித்தர்கள். நமக்குத் தெரிந்த கணக்கு பதினெட்டு, அவர்களுக்கு எண்பத்துநான்கு. மேற்கூரைப் பலகைகளில் விதவிதமான துணிகளின் வடிவங்களைத் தீட்டியிருக்கிறார்கள். கூரைக்குத் துணி கட்டியதுபோலவே தெரியும். எம்.சி. ரோடு ஜவுளிக் கடையில் புடவையைப் பிரித்ததும் கரையையும் உடலையும் ஒரே பார்வையில் அளந்துவிடும் நம் வீட்டுப் பெண்கள் அந்தக் கூரைக்குக் கீழே நின்றால், என்னைவிட நூறு மடங்கு கூடுதலாகப் பார்ப்பார்கள். தீட்டியவர்கள் காஷ்மீரத்து ஓவிய மரபைச் சேர்ந்தவர்கள் என்பது ஆய்வாளர்களின் முடிவு. காஷ்மீரில் அந்த மரபின் கோயில்கள் அழிந்துவிட்டன. அதன் சாட்சி இங்கே, பக்கத்து மலைக்கு அப்பால், லிகிர் மடத்துத் துறவிகளின் பராமரிப்பில் பிழைத்திருக்கிறது. உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. அந்த விதியை மதியுங்கள். மண்சுவரில் தீட்டிய வண்ணம் அது, நம் மூச்சின் ஈரமே அதற்கு அதிகம்.

மேற்கு இமயத்தின் இந்தக் கோயில்களை மரபு ரின்சென் சாங்போ என்ற துறவியின் பெயரோடு சேர்த்துச் சொல்கிறது. 958-ல் பிறந்து 1055-ல் மறைந்தவர், வடமொழி நூல்களைத் திபெத்திய மொழிக்குக் கொண்டுசென்றவர். ஸ்பிதிப் பள்ளத்தாக்கின் டாபோ மடாலயம் 996-ல் எழுந்தது. இந்த ஆண்டுகளை நம் ஊர்க் கணக்கோடு வைத்துப் பாருங்கள். ரின்சென் சாங்போ மலையில் வாழ்ந்த அதே காலத்தில்தான் முதலாம் ராஜேந்திர சோழன் ஆண்டான். திருவொற்றியூர் ஆதிபுரீசுவரருக்கு, யானையின் பின்புறம்போல் வளைந்த தூங்கானை மாட விமானத்தைக் கருங்கல்லில் எடுத்தது அவன் காலத்தில். சதுரானன பண்டிதர் சொல்ல, ரவி என்ற வீரசோழத் தச்சன் கட்டினான் என்று கல்வெட்டே பேசுகிறது. அரசன் பெயரோடு தச்சன் பெயரும் நிலைத்துவிட்ட கோயில் அது. வடிவுடையம்மனைக் கும்பிட வெள்ளிக்கிழமைதோறும் வரிசையில் நிற்கும் நம்மில் எத்தனை பேர் பின்புறம் போய் அந்த வளைவை நிமிர்ந்து பார்த்திருக்கிறோம்? நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை எழுந்ததும் சோழர்களின் அதே காலம்தான். மலையில் ஒரு பக்கமும் கடற்கரையில் ஒரு பக்கமுமாக ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்த கட்டடங்கள் இவை. ஆல்ச்சிக்குப் போய்விட்டு வந்தவர் கண்ணுக்குத் திருவொற்றியூர்க் கோயில் புதிதாகத் தெரியும் என்று உறுதியாகச் சொல்வேன். 1856-ல் திறந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயிலை அனுப்பிய ராயபுரம் நிலையத்தின் தூண்களும் தெரியும். பார்சிகள் கட்டிய ராயபுரத்து நெருப்புக் கோயிலின் சுவரும் தெரியும்.

மீண்டும் லடாக்குக்கு வருவோம். லே அரண்மனை ஒன்பது அடுக்கு, பதினேழாம் நூற்றாண்டு. திக்ஸேயில் ஏறத்தாழ ஐம்பது அடி உயர மைத்ரேயர் அமர்ந்திருக்கிறார். ஹெமிஸில் ஜூன், ஜூலைவாக்கில் முகமூடி ஆட்டத் திருவிழா நடக்கும், தேதி அவர்கள் நாட்காட்டிப்படி மாறும். லாமாயுருவும் பாஸ்கோவும் ஆல்ச்சி பக்கம் போகும் சாலையில்தான். இவற்றைப் பற்றி உள்பக்கங்களில் விரிவாக எழுதியிருக்கிறோம்.

அடுத்து சாகச விளையாட்டு. ஜன்ஸ்கார் நதியில் சில்லிங்கிலிருந்து நிம்மு வரை ரப்பர் படகில் இறங்கலாம். நிம்முவில் ஜன்ஸ்காரும் சிந்துவும் இரண்டு நிறமாக வந்து கலப்பதைப் பார்க்கலாம். காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு அலை புதிதில்லை, சுருக்குவலை போட்டு இழுத்த தோள்கள் அவை. ஆனால் அவர்களுக்கே ஒரு எச்சரிக்கை. நம் கடல் வெதுவெதுப்பானது. ஜன்ஸ்கார் பனி உருகிவரும் ஆறு. எவ்வளவு நன்றாக நீந்துகிறவரையும் சில நிமிடங்களில் அந்தக் குளிர் கைகால்களைக் கட்டிப்போட்டுவிடும். லைஃப் ஜாக்கெட்டும் தலைக்கவசமும் இல்லாமல், வழிகாட்டி சொல்லைக் கேட்காமல் படகில் ஏறாதீர்கள். செப்டம்பர் வாக்கில் லடாக் மாரத்தான் நடக்கிறது, அதில் கர்துங் கிராமத்திலிருந்து கணவாய் தாண்டி லே வரை 72 கிலோமீட்டர் ஓடும் பிரிவும் உண்டு. சென்னை வெயிலில் மட்டும் பயிற்சி எடுத்தவர்கள் அந்தப் பிரிவுக்குப் பெயர் கொடுக்க வேண்டாம். ஜனவரி, பிப்ரவரியில் உறைந்த ஜன்ஸ்கார் மேலேயே நடந்துபோகும் சாதர் பயணத்துக்கு லேவில் மருத்துவப் பரிசோதனையில் தேறியாக வேண்டும். குளிர்காலத்தில் ஜன்ஸ்கார் ஊர்க்காரர்கள் வெளியுலகத்துக்கு வர வைத்திருந்த பாதை அதுதான். 2024 மார்ச்சில் நிம்மு, பதும், தார்ச்சா சாலை இணைந்துவிட்டது. இனி அவர்களுக்குப் பிரசவத்துக்கும் பள்ளிக்கும் பனிமேல் நடக்கும் கட்டாயம் குறையும். சாகசக்காரர்களுக்கு இதில் வருத்தம் இருக்கலாம், எனக்கு மகிழ்ச்சிதான்.

அந்தச் சாலைகளைப் போட்டது எல்லைச் சாலை அமைப்பு. 1960-ல் தொடங்கியது. லடாக்குக்கென்று 1985-ல் ஹிமாங்க் என்ற பிரிவை ஏற்படுத்தினார்கள். தார் காய்ச்சுகிறவர்களும் கல் உடைக்கிறவர்களும் பெரும்பாலும் ஜார்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த கூலித் தொழிலாளர்கள். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, பனிக்காலம் தொடங்குவதற்குள் வேலையை முடிக்கப் பார்ப்பார்கள். அவர்களைக் கடக்கும்போது வேகத்தைக் குறையுங்கள், ஹாரன் அடிக்காதீர்கள். வண்டியை நிறுத்திப் பிஸ்கட் பாக்கெட்டோ வெந்நீரோ கொடுக்க முடிந்தால் கொடுங்கள். தொழிற்சாலை வாசலில் வளர்ந்த நாம் தொழிலாளியைப் பார்த்தும் பாராமல் போகக்கூடாது.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடிக்க முடியாது. லேவில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 100 மில்லிமீட்டர்தான். சென்னைக்கு 1,400 மில்லிமீட்டர். அவர்கள் குடிப்பதும் பார்லி விளைவிப்பதும் பனிமலை உருகிவரும் தண்ணீரில். 2011 கணக்கெடுப்பில் லடாக்கின் மொத்த மக்கள் தொகையே சுமார் 2.74 லட்சம். 2022-ல் வந்துபோன பயணிகள் ஐந்து லட்சத்துக்கும் மேல். ஊர்க்காரர்களைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆட்கள் ஒரு கோடையில் வந்து குளித்து, ஃப்ளஷ் இழுத்துவிட்டுப் போனால் ஊர் என்னாகும்? லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்த நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2019 கோடை நமக்கு மறக்காது. காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை 2010-ல் திறந்ததே நம் தாகத்தால்தான். அங்கே தங்கும் வீட்டில் பழைய முறை உலர் கழிப்பறை இருந்தால் முகம் சுளிக்காமல் அதையே பயன்படுத்துங்கள். ஒரு வாளித் தண்ணீரில் குளித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பதில் வீட்டிலிருந்தே ஒரு எவர்சில்வர் பாட்டிலைக் கொண்டுபோய் நிரப்பிக்கொள்ளுங்கள், நீங்கள் கொண்டுபோன குப்பையை நீங்களே திருப்பிக் கொண்டுவாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, வலையும் படகும் கறுத்து, மீன் வாங்க ஆளில்லாமல் நம் மீனவர்கள் நின்றார்கள். அடுத்தவர் அழுக்கு நம் தண்ணீரில் கலந்தால் எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்கள் நாம். பாங்காங் ஏரிக்கரையில் ஒரு சிப்ஸ் பாக்கெட்டைப் போட நமக்குக் கை வரக்கூடாது.

ஏற்பாடுகள் பற்றிச் சுருக்கமாக. சொந்த வண்டியைச் சென்னையிலிருந்து ஓட்டிக்கொண்டு போகிற தெம்பு எல்லோருக்கும் இருக்காது. ரயில்வே பார்சல் அலுவலகத்தில் பதிந்து டெல்லிக்கோ சண்டிகருக்கோ அனுப்பிவிடலாம். பெட்ரோலை முழுவதும் இறக்கிவிட்டு, ஹெட்லைட்டும் டேங்கும் அடிபடாமல் சாக்கும் வைக்கோலும் சுற்றிக் கட்டி, ஆர்.சி. புத்தக நகலோடு கொடுக்க வேண்டும். வண்டி உங்கள் பெயரில் இருப்பது நல்லது. மணாலியில் வாடகைக்கு எடுத்த வண்டியில் லடாக்கின் உள்பகுதிகளைச் சுற்ற அங்குள்ள வாடகை வண்டிச் சங்கத்தினர் விடமாட்டார்கள், அது அவர்கள் பிழைப்பு. லே வந்தபிறகு உள்ளூர் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிமாநிலப் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு இணைப்பு ஒன்றாவது குழுவில் இருக்கட்டும். 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கப்பாதையால் ரோதாங் கணவாயை ஏறி இறங்கும் அலைச்சல் மிச்சமாகிவிட்டது. என்றாலும் அதைத் தாண்டி பாராலாச்சா, லாச்சுலுங், டாங்லாங் கணவாய்கள் காத்திருக்கின்றன. சோறு பொங்கிச் சாப்பிட ஆசைப்படுகிறவர்கள் குக்கர் எடுத்துப் போங்கள். லேவில் தண்ணீர் 88 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், திறந்த பானையில் அரிசி சீக்கிரம் வேகாது.

பெண் வாசகர்கள் இதையெல்லாம் ஆண்பிள்ளைகளுக்கான பக்கம் என்று தள்ளிவிடாதீர்கள். லடாக்கில் தங்கும் விடுதியை நடத்துவதும், வயலைப் பார்ப்பதும், கடையில் உட்காருவதும் பெரும்பாலும் பெண்கள்தான். அவர்கள் வீட்டில் தங்கினால் பேச ஆயிரம் இருக்கும். மோட்டார்சைக்கிள் தெரியாவிட்டால் லேவிலிருந்து பகிர்வு டாக்ஸியில் ஆல்ச்சிக்கும் திக்ஸேவுக்கும் போய்வரலாம். சாகசத்துக்குச் சக்கரம் கட்டாயம் இல்லை.

மணாலி வழி வழக்கமாக மே, ஜூன் வாக்கில் திறந்து அக்டோபர்வரை இருக்கும். கிளம்ப நினைக்கிறவர்கள் இப்போதே மாடிப்படி ஏறப் பழகுங்கள், தினமும் ஒரு மணி நேரம் நடங்கள், மருத்துவரைப் பாருங்கள். திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் வார்த்த, கடைந்த, பூட்டிய, சாயம் அடித்த வண்டிகளின் கதைகளை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். எழுத வராவிட்டால் அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், நாங்களே வீடு தேடி வந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம். அடுத்த இதழில் நான்கு பக்கங்களை உங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்